துபாஷிகளின் ஊர்

தில்லியில் தெருப் பெயர்ப் பலகைகள் நான்கு மொழிகளில் இருக்கும். இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது. அவற்றின் கீழ் நின்று யாரும் புகைப்படம் எடுத்துக்கொள்வதில்லை. பஸ் வருகிறதா என்று பார்த்தபடி கடந்து போய்விடுகிறோம். புதுச்சேரியில் அதே மாதிரிப் பலகையில் இரண்டே மொழிகள்தான். பிரெஞ்சு ஒன்று, தமிழ் ஒன்று. ஆனால் அந்த நீலப் பலகையின் கீழ் நின்று ஒரு படமாவது எடுத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பிய சுற்றுலாப் பயணி அநேகமாகக் கிடையாது.

'துய்மா வீதி' என்று தமிழில் படித்துச் சிரிக்கிறார்கள். யார் இந்த துய்மா என்று கேட்பதில்லை. தூப்ளேக்கு முன் இங்கே கவர்னராக இருந்தவர் என்று சொன்னாலும், அதனால் என்ன என்பதுபோல் அடுத்த மஞ்சள் சுவரைத் தேடிப் போய்விடுகிறார்கள். விடுமுறைக்கு வந்தவர்களிடம் சரித்திரப் பரீட்சை வைப்பது நியாயமில்லைதான். ஆனாலும் அந்தப் பலகையில் இரண்டு மொழிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அத்தனை சுலபமாக நடந்துவிடவில்லை. அதற்கு ஊர் கொடுத்த விலை உண்டு. அந்தக் கதை தெரிந்தால் சுவரின் மஞ்சளும் கொஞ்சம் வேறுமாதிரி தெரியும்.

ஊரின் துறைமுகப் பெருமை பிரெஞ்சுக்காரர்களோடு துவங்கியதல்ல. ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோம நாட்டு மதுச் சாடிகளின் துண்டுகளும் இத்தாலியப் பானை ஓடுகளும் மணிகளும் கிடைத்தன. பழைய கிரேக்க மாலுமிகளின் குறிப்பில் 'பொதுகே' என்று வரும் துறை இதுவே என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. ஆக, இந்தக் கரையில் இரண்டு மொழிகளில் பேரம் பேசும் வழக்கத்துக்கு வயது இரண்டாயிரம்.

பிரெஞ்சுக் கம்பெனிக்கு இந்த இடம் கிடைத்தது 1673ல். பீஜப்பூர் சுல்தானின் கீழ் இந்தப் பகுதியை ஆண்ட ஷேர்கான் லோடி கொடுத்தது. அடுத்த ஆண்டு வந்து உட்கார்ந்த பிரான்சுவா மர்த்தேன் மீனவர் குப்பத்தை வியாபார ஊராக வளர்த்தார். 1693ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து மர்த்தேன் திரும்ப வந்தபோது அவர் கையில் ஒரு நல்ல திட்டமும் சேர்ந்தே கிடைத்தது. இன்று 'பிரெஞ்சு நேர்த்தி' என்று நாம் வியக்கும் சதுரங்கக் கட்டம் போன்ற தெருக்களுக்கு முதலில் கோடு போட்டவர்கள் டச்சுக்காரர்கள். ஜான் தெலோஷ் என்ற பிரெஞ்சு அறிஞர் பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து இதை விளக்கியிருக்கிறார்.

ஊர் இருந்தது; கப்பல் வந்தது; ஆனால் பேச்சு? பாரிசிலிருந்து வந்த வியாபாரிக்குத் தமிழ் தெரியாது. முத்தியால்பேட்டை நெசவாளிக்கு பிரெஞ்சு தெரியாது. நடுவில் ஒருவர் வேண்டியிருந்தது. அவருக்குப் பெயர் துபாஷி. 'த்வி', 'பாஷா' என்ற இரண்டு சம்ஸ்கிருதச் சொற்கள் சேர்ந்து தேய்ந்து உருவான வார்த்தை. இரண்டு மொழிக்காரர் என்று அர்த்தம். மொழிபெயர்ப்பது அவருடைய வேலையில் ஒரு பகுதிதான். நெசவாளிக்கு முன்பணம் தருவது, நவாபின் தர்பாருக்கு எழுதுவது, கவர்னருக்குக் கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்வது, பழி விழுந்தால் ஏற்றுக்கொள்வது எல்லாம் அவர் கணக்கில் வரும்.

அந்த துபாஷிகளில் தலைசிறந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709ல் பிறந்தவர். 1736லிருந்து 1761ல் சாகும்வரை, இருபத்தைந்து ஆண்டுகள், நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த நேரம், சரக்கு விலை, யாருக்கு எத்தனை குண்டு முழங்கி மரியாதை நடந்தது, கவர்னர் முகம் கோணிய விதம், கனவு, சகுனம், வம்பு எல்லாமே அதில் உண்டு. எழுதியது தமிழில். அதுவும் அன்று பேசிய தமிழில். தூப்ளேயின் இந்தியா எப்படி இருந்தது என்று பிரெஞ்சுக்காரர்களே தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு தமிழரின் நாட்குறிப்பைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. 1846ல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தேடிக் கண்டெடுத்தார். 1904லிருந்து 1928க்குள் சென்னை அரசு ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன் அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரண்டு நாவல்களை எழுதினார். இரண்டாவது நூலுக்கு 1995ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது.

பிள்ளையின் குறிப்பில் வாசகர் மறக்க முடியாத பகுதி 1748 செப்டம்பர். ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரம். அந்தக் குழப்பத்தில், பாதிரிகளும் கவர்னரின் மனைவியும் நெடுநாளாக விரும்பியபடி, மாதா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. கவர்னரின் வலது கையாக இருந்த துபாஷியால் அதைத் தடுக்க முடியவில்லை. பார்த்தார், எழுதினார். இரண்டு மொழிகள் தெரிந்தவருக்கு இரண்டு பக்கத்துத் துயரமும் தெரியும், அதிகாரம் மட்டும் ஒரு பக்கம்தான் இருக்கும் என்பதற்கு அந்தப் பக்கங்களைவிடச் சிறந்த சாட்சி இல்லை. அதே பெயரில் கோயில் இன்று ஊருக்குள் வேறோர் இடத்தில் இருக்கிறது.

அடுத்த இடிப்பு யாரையும் விட்டுவைக்கவில்லை. 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்குச் சில நாள் முன்புதான் பிள்ளை கண்ணை மூடினார். கோட்டை, கவர்னர் மாளிகை, மாதா கோயில், வெள்ளைக்காரர் வீடுகள் எல்லாவற்றையும் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். 1765ல் ஊர் திரும்பக் கிடைத்தபோது பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்கோடுகளின் மேலேயே மறுபடி கட்டினார்கள். எனவே கடற்கரைப் பக்கம் நாம் பார்க்கும் எந்தக் கட்டடமும் தூப்ளே பார்த்ததல்ல. அவருடைய சிலை மட்டும் 1870ல் வந்து சேர்ந்தது. அதன் பிறகும் 1778, 1793 என்று ஊர் கை மாறிக் கை மாறி, 1816ல்தான் நிலையாக பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. அதற்குள் இந்தியா ஆங்கிலேயருடையதாகிவிட்டது. புதுச்சேரிக்கு மிஞ்சியது கடலும் வியாபாரமும்தான்.

அந்தக் கடலும் லேசில் ஒத்துழைக்காது. துறைமுகம் என்று பேரே தவிர, கப்பல் கரைக்கு வர முடியாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் அலையைத் தாண்டிப் போக வேண்டும். பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகள் ஏறி இறங்கும். அவற்றைச் செலுத்தத் தெரிந்தவர்கள் நம் மீனவர்கள் மட்டுமே. அட்மிரலானாலும் அவர்களை நம்பித்தான் கால் நனையாமல் கரையேற வேண்டும். 1866ல் கடலுக்குள் இரும்புப் பாலம் கட்டினார்கள். 1952 புயலில் அது விழுந்தது. காந்தி சிலைக்கு அருகில் தண்ணீரில் துருப்பிடித்து நிற்கும் தூண்கள் அதன் மிச்சம்.

அந்தக் கரையிலிருந்து போனது என்ன? நீலத்துணி போயிற்று. அவுரிச் சாயமேற்றிய 'கினே' துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. அங்கே கோந்து வியாபாரத்தில் அது காசு மாதிரியே புழங்கிற்று. துணிக்குப் பின் மனிதர்கள் போனார்கள். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1848ல் ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகள் தேவைப்பட்டார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குத் தமிழர்கள் ஏற்றப்பட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று பிரெஞ்சு பேசுகிறார்கள். தமிழ்ப் பெயரை பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயராக வைத்திருக்கிறார்கள். மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். மொழி மட்டும் நாக்கிலிருந்து போய்விட்டது. புதுச்சேரியின் இருமொழிக் கதையில் ஒரு மொழி மட்டும் மிஞ்சிய அத்தியாயம் இது. சுற்றுலாக் கையேடுகளில் வராது.

சிலர் இரண்டாவது மொழியை ஆயுதமாகவும் எடுத்தார்கள். 1873ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பிய பாணியில் பூட்ஸ் அணிந்து கோர்ட்டுக்கு வந்தார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி அபராதம் விதித்தார். பிள்ளை விடவில்லை. பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். செருப்பு வழக்கு என்று சிரிக்கலாம். ஆனால் வாதம் செருப்பைப் பற்றியது அல்ல. உங்கள் சட்டம் சமத்துவம் என்று சொல்கிறதே, அது உங்கள் மொழியில்தானே எழுதியிருக்கிறது, நான் அதைப் படித்துவிட்டேன் என்பதுதான் வாதம். 1881ல் ஓர் ஆணை வந்தது. சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர்களுக்கு அதன் உரிமைகள் என்றது. பொன்னுத்தம்பி துறந்தார், 'லாபோர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். 'கதவு' என்று பொருள். அந்தக் கதவு வழியே போனவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியாரும் கிறிஸ்தவர்களும் நிறைய. அவர்களில் பலர் பிரெஞ்சு ராணுவத்திலும், சைகோனில் அரசு வேலையிலும் சேர்ந்தார்கள். அந்தக் குடும்பங்களின் ஓய்வுபெற்ற ராணுவத்தாரைப் புதுச்சேரித் தமிழ் 'சொல்தா' என்று அழைக்கும். சிப்பாய்க்கு பிரெஞ்சில் அதுதான் சொல்.

பிரிட்டிஷ் இந்தியாவின் கைக்கு எட்டாத ஊர் என்பதால் வந்தவர்களும் உண்டு. பாரதியார் 1908ல் வந்து 1918 வரை பத்து ஆண்டுகள் இருந்தார். 'இந்தியா' பத்திரிகை இங்கிருந்து வெளிவந்தது. அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்தார். பிறகு போகவே இல்லை. வ.வே.சு. ஐயரும் அதே ஆண்டு வந்தார். இவர்களுக்குச் சுதந்திரம் கொடுத்த அதே பிரெஞ்சு ஆட்சி, 1936 ஜூலை 30ல் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேரச் சட்டம் வந்தது. அந்த மில்களில் பெரியதான ஏ.எஃப்.டி. 2020ல் மூடப்பட்டது.

இனி தில்லியின் பங்கு. 1954 அக்டோபர் 18ல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறிற்று. 1956 மே 28ல் தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அல்ஜீரியச் சண்டையில் சிக்கியிருந்த பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க ஆறு ஆண்டுகளாயின. 1962 ஆகஸ்ட் 16ல்தான் சட்டப்படி புதுச்சேரி இந்தியாவுடன் சேர்ந்தது. அதனால் இந்த ஊருக்கு ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 16, நவம்பர் 1 என்று மூன்று விடுதலை நாட்கள். மக்கள் குறை சொல்வதில்லை.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. 1965ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் தமிழ், மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு, ஆங்கிலமும் புழங்கலாம். யாருக்கும் சண்டை இல்லாமல் பிரெஞ்சு சர்க்கார் மேஜையிலிருந்து இறங்கிற்று. இறங்கி எங்கே போயிற்று? கொஞ்சம் பேர் வீட்டுக்குள் போயிற்று. 1962க்குப் பின் ஆறு மாத அவகாசத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பிரான்சில் தேர்தல் என்றால் இங்கும் வாக்குச்சாவடி போடுகிறார்கள். 1826ல் துவங்கிய லிசே பள்ளியிலும், 1955ல் துவங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் மொழி உயிரோடு இருக்கிறது. அந்த ஆய்வு நிறுவனத்தில் சைவ ஆகமச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் பாதுகாக்கப்படுகின்றன என்பது பலருக்குத் தெரியாது. துபாஷி வேலை முடியவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மிச்ச பிரெஞ்சு? பலகைக்கும் ஓட்டல் பெயருக்கும் மெனு கார்டுக்கும் போயிற்று. இதுதான் விஷயம். ஒரு மொழி பேசப்படும்போது அதற்குச் சண்டையும் கோர்ட்டும் காதலும் கடனும் இருக்கும். அலங்காரமாகிவிட்டால் விலை மட்டும்தான் இருக்கும். புதுச்சேரியில் கடைப் பலகையில் பிரெஞ்சு ஏற ஏற, அதை வீட்டில் பேசும் முதியவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். பேரப்பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். சொந்த வீடு ஓட்டலாகிறது, அல்லது விற்பனைக்கு வருகிறது.

தமிழ்ப் பகுதியின் கதி இன்னும் மோசம். ஊரைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடற்கரைப் பக்கம் வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்றே அன்று பெயர் வைத்தார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே இருப்பதைத்தான் உலகம் படம் எடுக்கிறது. மேற்கேதான் உண்மையான இருமொழி வீடுகள். கீழே திண்ணை, தாழ்வாரம், மரத்தூண், முற்றம். மாடியில் ஐரோப்பியத் தூண்கள், வளைவு ஜன்னல். வீடே துபாஷி. வைசியாள் வீதியில் இத்தகைய வீடுகளின் முகப்பைச் சீர்செய்ததற்கு 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. ஆனால் ஒரு வீதிக்கு விருது கிடைக்கும் நேரத்தில் பக்கத்து வீதிகளில் பாகப்பிரிவினையான வீடுகள் இடிந்து மூன்று மாடி கான்கிரீட் எழுகின்றன. உரிமையாளரைத் திட்டிப் பயனில்லை. ஓடு மாற்ற ஆள் இல்லை, மரம் வாங்கப் பணம் இல்லை. பாரம்பரியம் எல்லோருக்கும் பொது, செலவு மட்டும் அவருக்கு. அரசுக் கட்டடங்களும் தப்பவில்லை. கடற்கரையில் மேரி என்று அழைக்கப்படும் பழைய நகராட்சி மாளிகை 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021ல் திறந்தார்கள்.

கடலுக்கும் கதை உண்டு. 1980களின் இறுதியில் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்களோடு துறைமுகம் கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து வடக்காக நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே ஊரின் கடற்கரை கரைந்தது. கரையைக் காக்கப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். 'பீச்' என்று வந்தவர்கள் பாறை மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். 2010களின் இறுதியில் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பின் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. துறைமுகத்தால் பிறந்த ஊர், துறைமுகத்தாலேயே கடற்கரையை இழந்தது.

இத்தனையும் படித்த பிறகு போகலாமா என்றால், கட்டாயம் போகலாம். அதிகாலையில் போங்கள், கடற்கரைச் சாலையில் சூரியன் எழுவதை ஓசியில் பார்க்கலாம். 1938ன் போர் நினைவுச் சின்னம், 1836ன் பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து வந்த தூண்கள் சூழ்ந்த காந்தி சிலை எல்லாம் ஒரே நடையில். துய்மா வீதியில் கப்ஸ் கோயிலைப் பாருங்கள். கப்புச்சின் பாதிரிகளின் பெயர் தமிழ் வாயில் அப்படி ஆனது. ஞாயிறு அன்று பிரெஞ்சிலும் பூசை நடக்கும். பிறகு வாய்க்காலைத் தாண்டுங்கள். சம்பா கோயில், பாரதியார் இருந்த வீடு, ரங்கப்பிள்ளை வீதி, பெரிய மார்க்கெட். பெயர்ப் பலகையைப் படம் எடுப்பதானால் எடுங்கள். ஆனால் அதே தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர் தமிழில் துவங்கி நடுவில் ஒரு பிரெஞ்சுச் சொல்லைப் போட்டு, மறுபடி தமிழுக்கு வந்துவிடுவார். தான் மொழி மாறியதே அவருக்குத் தெரியாது. பலகையில் எழுதியிருப்பது அதைத்தான். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.